மலைநீரும் உப்புக் களப்பும்

ஊவாவின் தேயிலை மலைகளுக்கு ஆண்டு தவறாமல் வந்து சேரும் விருந்தாளிகள் இருவர் உண்டு. ஓடைக் கற்களின்மீது ஓயாமல் வாலை அசைத்துக்கொண்டு நிற்கும் கருஞ்சாம்பல் வாலாட்டி ஒன்று. மாலை மங்கும் வேளையில் லயத்துக்குப் பின்னாலுள்ள புதரிலிருந்து இரட்டைச் சீழ்க்கை எழுப்பிவிட்டு மறையும் ஆறுமணிக் குருவி மற்றொன்று. ஐப்பசி மழையோடு வரும் இவை பங்குனி, சித்திரையில் சொல்லாமற் போய்விடுகின்றன. வாலாட்டிக்கு இமயமும் அதற்கப்பாலும் தாயகம். ஆறுமணிக் குருவி பாரத நாட்டுக் காடுகளிற் கூடுகட்டி, குளிர்காலத்தை நம்மோடு கழிக்க வருவது.

இந்த வரவையும், நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மலையேறிய வரவையும் ஒப்பிட்டுப் பேசுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. பறவைக்குக் கடவுச்சீட்டு இல்லை, மனிதனுக்கோ 1948இற் குடியுரிமைச் சட்டம், 1964இற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அவ்வொப்புமையில் முழு உடன்பாடு இல்லை. பறவை பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்புவது. நம்மவரோ வந்த மலையையே உருமாற்றி, அம்மலையிலேயே தம் எலும்பையும் புதைத்தவர்கள். நான் இங்கு எழுத முற்படுவது வேறோர் உறவைப் பற்றி. நம் மலையிற் பெய்யும் மழைக்கும், தென்கடலோரத்திற் பறவைகள் இறங்கும் களப்புக்கும் இடையே உள்ள உறவு அது. பல்லாண்டுகள் பதுளைப் பகுதியில் ஆசிரியத் தொழில் செய்தும், அவ்வுறவை நான் கண்ணாரக் கண்டது உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு புந்தலைக்குப் போன ஒரு தை மாதச் சனிக்கிழமையில்தான்.

புந்தல, அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கரையோர ஈரநிலம். 1969இற் சரணாலயமாக்கப்பட்டு, 1993 ஜனவரியில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பரப்பு 6,216 ஹெக்டேர். புந்தல, எம்பிலிகல, மலல, கொஹொலங்கல என நான்கு ஆழமற்ற களப்புகளும், அவற்றை அடுத்து உப்பளங்களும், சுற்றி முட்காடும், தெற்கே மணல்மேடுகளும், அதற்கப்பால் மாகடலும் என்று அதன் அமைப்பைச் சுருங்கச் சொல்லலாம். ஈரான் நாட்டின் காஸ்பியன் கடற்கரையிலுள்ள ராம்சர் என்னும் ஊரில் 1971 பெப்ரவரி 2ஆம் நாள் உலக நாடுகள் சில கூடி ஈரநிலங்களைக் காப்பதற்கென ஓர் உடன்படிக்கை செய்தன. இலங்கை 1990இல் அதிற் சேர்ந்தபோது நம் நாட்டின் சார்பில் முதன்முதற் பதியப்பட்ட இடம் புந்தலயே. 2005இல் யுனெஸ்கோ இதனை உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஏற்றது. ஈராக்கும் ஈரானும் பாடநூலிற் பக்கத்துப் பக்கத்துப் பெயர்களாக மட்டுமே அறியப்பட்ட எம் மாணவர்க்கு, தம் மாகாணத்தின் எல்லையோரத்துச் சேற்றுக்கு அவ்வளவு தொலைவில் ஒரு பெயரேடு இருக்கிறதென்பது பெரும் வியப்பு.

விடியும்போது பூங்கா வாயிலில் நிற்க வேண்டுமாயின் நள்ளிரவு கழிந்த கையோடு பதுளையை விட்டுப் புறப்படவேண்டும். ஹாலி-எல, தெமோதரை, எல்ல என்று மலைப்பாதையில் ஏறி, எல்ல கணவாயைக் கடந்ததும் வெல்லவாய வரை ஒரே இறக்கம். வானுக்குள் பாதிப் பேர் உறங்கிவிட்டனர், மீதிப் பேருக்குத் தலைசுற்றல். இராவணன் பெயர் தாங்கிய அருவியின் ஓசையை மட்டும் இருளிற் கேட்டோம். வெல்லவாயவிற் காற்று மாறியது. கம்பளிச் சட்டைகள் கழன்றன. தனமல்விலையைத் தாண்டுமுன் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது.

இந்த இறக்கத்தைப் பற்றி ஒரு பூகோளச் செய்தி சொல்ல வேண்டும். பிறகு வருவதற்கு அது திறவுகோல். பதுளை நகரை ஒட்டி ஓடும் பதுளு ஓயா மகாவலியிற் கலந்து, திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகிறது. வெலிமடைப் பக்கத்து உமா ஓயாவும் மகாவலியின் பிள்ளையே. ஆனால், ஏறக்குறைய 4000 அடி உயரத்திலுள்ள பண்டாரவளையைச் சுற்றித் தெற்கே சரியும் மலைமடிப்புகளில் விழும் மழை வேறு திசை பார்க்கிறது. அதுவே கிரிந்தி ஓயா. நாம் இருளிற் கேட்ட இராவணன் அருவியும், கொஸ்லந்தைக்கு அருகில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியும் அதற்கே நீரூட்டுகின்றன. மலைமுதுகின் இப்பக்கத்துத் தேயிலைச் செடியில் விழுந்த துளி திருகோணமலைக்கும், அப்பக்கத்துச் செடியில் விழுந்த துளி திஸ்ஸமகாராமைப் பக்கத்துக் கரைக்கும் பயணப்படுகிற இடங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. கிரிந்தி ஓயா வெல்லவாய, தனமல்வில வழியாக இறங்கி, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தில் தங்கி, பின் கிரிந்தைக்கு அருகே கடலோடு சேர்கிறது. அன்று எங்கள் வண்டி போன பாதையும் அந்த ஆற்றின் பாதையும் பெரும்பாலும் ஒன்றே.

வாயிலில் ஜீப் வண்டிகள் இரண்டு அமர்த்திக் கொண்டோம். வனஜீவராசிகள் திணைக்களத்து வழிகாட்டி ஒருவர் எங்களோடு ஏறினார். நடுத்தர வயதினர், சிங்களத்திற் பேசினார். எம் மாணவரிற் பலர் அதனை நன்றாகவே விளங்கிக் கொண்டனர். விளங்காத இடத்தில் ஒருவர்க்கொருவர் மொழிபெயர்த்தனர். தொலைநோக்கிகள் ஆறு பேருக்கு ஒன்று வீதம் இரண்டே இருந்தன. அதனால் ஏற்பட்ட சண்டைகளை நான் இங்கு எழுதப் போவதில்லை.

முதல் வளைவிலேயே களப்பு தெரிந்தது. நீர் என்று சொல்லுவதா, வானத்தின் துண்டு என்று சொல்லுவதா! அதன்மேல் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகள் நகர்ந்து கொண்டிருந்தன. தொலைநோக்கியை வைத்தவுடன் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பறவையாயிற்று. சிவந்த நெடுங்கால்களில் நின்ற பவளக்கால் உள்ளான்கள் ஒருபுறம். கீழ்த்தாடைப் பையோடு கூட்டமாக மிதந்த கூழைக்கடாக்கள் ஒருபுறம். மஞ்சள்மூக்கு நாரைகள் அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டபடி, ஏதேனும் வந்து தட்டட்டும் என்று காத்து நின்றன. கரண்டிவாயனோ காத்திருப்பதில்லை, அரிவாள் வீசுபவன்போல அலகை இருபக்கமும் வீசிக்கொண்டே நடக்கிறது. அரிவாள்மூக்கன் என்று பெயர்பெற்ற பறவை சற்றுத் தள்ளிச் சேற்றைக் குத்திக் கொண்டிருந்தது. பெயரும் தொழிலும் இப்படி மாறிக் கிடப்பது மனிதரிடையே மட்டுமன்று.

இங்கே சற்று நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் எப்படிச் சண்டையின்றி உண்கின்றன? விடை அலகின் நீளத்தில் இருக்கிறது. உப்புக்கொத்தி என்று தமிழில் அழகிய பெயர் பெற்ற சிறு பறவைக்கு அலகு குட்டை. சேற்றின் மேற்றோலில் நகரும் பூச்சியைக் கண்ணாற் கண்டு ஓடிச்சென்று கொத்தும். உள்ளான் இனங்களுக்கு அலகு அதனினும் நீளம். விரற்கடை ஆழத்திலுள்ள புழுக்களை எடுக்கும். கருவால் மூக்கனுக்கு இன்னும் நீளம். அது கண்ணை நம்பாமல் அலகின் நுனியிலுள்ள உணர்ச்சியை நம்பி அடிச்சேற்றைத் துழாவும். ஒரு வீட்டின் மேல்மாடியிலும் நடுமாடியிலும் கீழ்மாடியிலும் வெவ்வேறு குடும்பங்கள் வசிப்பது போன்றது இது. சேறு நாலங்குலம் ஆழமாகிவிட்டாலோ, நீர் ஒரு சாண் உயர்ந்துவிட்டாலோ அந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துபோகும். குட்டைக்கால் பறவைக்கு ஒரு சாண் நீரென்பது கடல்.

கொசு உள்ளான் ஒன்றை ஜீப்புக்கு மிக அருகிற் கண்டோம். எடை முப்பது கிராமுக்கு மேற்போகாது. தபாலுறை ஒன்றில் வைத்து அனுப்பிவிடலாம்போன்ற உடம்பு. இது முட்டையிடுவது வடதுருவத்தை அடுத்த பனிச்சமவெளியில். அங்கிருந்து ஆசியா முழுவதையும் கடந்து இங்கே வருகிறது. ஏன் இன்னும் தெற்கே போவதில்லை என்று ஒரு மாணவன் கேட்டான். வழிகாட்டி கடலைக் காட்டினார். அதற்கப்பால் தெற்கே துருவக் கண்டத்தின் பனி வரையில் நிலமே இல்லை. வலசை வழிகளுள் ஒன்றின் கடைசி நிறுத்தம் இந்தக் கரை.

"சேர், சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட நாரை இதுதானா?" என்று ஒரு மாணவி மஞ்சள்மூக்கு நாரையைக் காட்டிக் கேட்டாள். மதுரையிற் குளிரில் வாடிய புலவர், ஊரிலிருந்த மனைவிக்கு நாரையிடம் செய்தி சொல்லியனுப்பிய கதையை அவள் அறிந்திருந்தாள். அன்று வகுப்பறையில் நான் நடத்தியிருந்தால் அணிநயம் பேசி முடித்திருப்பேன். அங்கே நின்றபோது வேறு பேச வாய்த்தது. புலவர் கண்டது சிவந்த காலும் நீண்ட கூரிய அலகும் உடைய வெண்ணாரை. அது ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் கூடுகட்டிக் குளிருக்குப் பாரத நாடு வருவது. இலங்கைக்கு அரிதாகவே வரும். எமக்கு எதிரே நின்றதோ இந்த நாட்டுக் குடிமகன். நாரை தென்முனையைத் தொட்டு வடக்கே திரும்புவது என்பதைத் தமிழ்ப் புலவர் ஒருவர் இலக்கியத்திற் பதிந்து வைத்தார் என்பதே எனக்கு எந்த அணியையும்விடப் பெரிதாகப் பட்டது.

மாணவரின் குறிப்பேடுகளில் முதல்நாளே எழுதிவைக்கப்பட்ட பெயர் ஒன்று உண்டு. அது பூநாரை. புந்தலயைப் பற்றி எந்த நூலைத் திறந்தாலும், எந்தப் பழைய படத்தைப் பார்த்தாலும், களப்பின் நடுவே இளஞ்சிவப்பாய் ஒரு கூட்டம் நிற்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பூநாரைகள் ஒரே வேளையில் இங்கு நின்ற காலம் இருந்தது. அதைக் கேட்டோம். வழிகாட்டி சிரிக்கவில்லை. தாம் பணியில் சேர்ந்த நாளிற் கூட்டங்கூட்டமாகப் பார்த்ததையும், பின்னர் அவை வரவரக் குறைந்து இப்போது காண்பதே அரிதாகிவிட்டதையும் சொன்னார். பூநாரைக் கூட்டம் காண விரும்புவோர் இன்று மன்னார்ப் பக்கம் போகிறார்கள். போன காரணம் என்னவென்று மாணவர் வினவியபோது அவர் எம்பிலிகல களப்பின் வடகரையைக் காட்டி, "தண்ணீர் இனித்துவிட்டது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதற்குள் ஜீப் அடுத்த களப்புக்கே போய்விட்டது. நான் இங்கு விளக்க முயல்கிறேன்.

பூநாரை உண்ணும் விதம் விசித்திரமானது. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாகும்படி நீரில் வைத்து, நாக்கினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளும். அலகின் ஓரங்கள் சல்லடை. உவர்நீரிற் பெருகும் நுண்ணிறாலும் பாசியும் அச்சல்லடையில் தங்கும். இறகின் சிவப்பும் அவ்வுணவின் வழியே வருவதுதான். ஆகவே பூநாரைக்கு வேண்டியது ஆழமற்ற, உப்பு மிகுந்த நீர். புந்தலக் களப்புகள் அத்தகையனவாகவே இருந்தன. மாரியில் நீர் நிறையும். சில வேளை கடல்வாயை அடைத்த மணல்மேடு உடைந்து ஓடும். கோடையில் வெயில் நீரைக் குடிக்க, உப்பு ஏறும். ஆண்டுக்கொரு மூச்சு என்று சொல்லலாம். கிரிந்தி ஓயா இக்களப்புகளுக்கு வந்ததே இல்லை. அது கிழக்கே தன் வழியிற் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

1980களில் லுணுகம்வெஹெர அணை எழுந்தது. நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் கொடுத்து, கிரிந்தி ஓயாவின் நீரை இருகரைக் கால்வாய்களாற் பாய்ச்சி நெல் விளைவிக்கும் திட்டம். அதிற் குறை காண எனக்கு மனமில்லை; சோற்றுக்கு வழியில்லாதவனுக்கு வயல் கிடைத்தால் வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால், வலக்கரை வயல்களிற் பாய்ந்து மிகுந்த நீருக்குப் போக்கிடம் வேண்டுமே! நிலத்தின் சரிவு அதனை எம்பிலிகலவுக்கும், அங்கிருந்து மலலவுக்கும் வழிநடத்தியது. இயற்கை அனுப்பாத நீரைக் கால்வாய் அனுப்பியது. மழைக்காலத்தில் மட்டுமன்றி, வயலுக்கு நீர் விடும் காலமெல்லாம் அனுப்பியது. வயலுக்கிட்ட உரத்தின் மிச்சமும் அதனோடு வந்தது. 1990களின் பிற்பகுதியில் அனைத்துலக நீர் முகாமைத்துவ நிறுவனத்து ஆய்வாளர்கள் இதனை அளந்து எழுதியிருக்கின்றனர். களப்பின் உப்பு குறைந்தது, இறால் குறைந்தது, இறால் பிடித்துப் பிழைத்தவர் வலையும் மெலிந்தது. நீர்மட்டம் ஏறியபோது மணல்மேட்டை மனிதரே வெட்டிக் கடலுக்குத் திறந்துவிடுவதும் நேர்ந்தது. பூநாரைக்கு மட்டும் யாரும் தீங்கு நினைக்கவில்லை. வேட்டைக்காரன் வரவில்லை, காவல் தளரவில்லை, வேலி உடையவில்லை. நல்ல தண்ணீர் வந்தது, அவ்வளவே.

சரணாலயம் என்றால் நாம் எல்லைக் கல்லை நினைக்கிறோம். கல் நிலத்துக்கு எல்லை, நீருக்கு அன்று. ஈரநிலத்தைக் காப்பது காட்டைக் காப்பதைவிடக் கடினமாயிருப்பது இதனாற்றான். அதன் உயிர் அதன் எல்லைக்கு வெளியே, பல மைல் மேலே, வேறொருவர் கையில் இருக்கிறது.

வேடந்தாங்கலை நம்மிற் பலர் நூலளவிலேனும் அறிவோம். செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள அந்த ஏரியின் பறவைகளை ஊரார் தாமாகவே காத்தனர். 1790களில் அங்கு கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் அவ்வுரிமையை அவர்களுக்கு ஏற்றுக் கொடுத்தார். காரணம் கருணை மட்டுமன்று. பறவையின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. உழவன் கண்ணால் கண்ட இலாபம் அது. அங்கே பறவையின் நீர் வயலுக்குப் போயிற்று. புந்தலயிலோ வயலின் நீர் பறவைக்கு வந்தது. திசை மாறியவுடன் நட்பு பகையாகிவிட்டது. புந்தல உழவனுக்குப் பூநாரையால் ஒரு நெல்மணி ஆதாயமில்லை. அவனைக் கடிந்து பயனுமில்லை. பறவைக்காக நீரை வேறு வழியில் வடியச் செய்வதாயின் அதற்குச் செலவழிக்க வேண்டியது அவனல்லன், நாடு.

மலலக் கரையில் வண்டி நின்றபோது, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவன், வடக்கிலிருந்து வந்து களப்பில் விழும் கால்வாயைக் காட்டி, "மாத்தயா, இது எங்கேயிருந்து வருகிறது?" என்று சிங்களத்தில் வழிகாட்டியைக் கேட்டான். அவர் திரும்பி வடதிசையை, நீலமாய்த் தெரிந்த மலைத்தொடரைக் காட்டினார். "மேலேயிருந்து. பண்டாரவளையிலிருந்து." பையன் ஒன்றும் பேசவில்லை. தன் லயத்துக்குக் கீழே ஓடும் பீலித் தண்ணீர் எங்கே போகிறதென்று அவன் அதுவரை யோசித்திருக்க மாட்டான். நானும் வகுப்பில் ஆறுகளின் பெயர்களைக் கேட்டிருக்கிறேனேயன்றி, அவை யார் வீட்டுக்குப் போகின்றன என்று கேட்டதில்லை.

மேலே நடப்பது இன்னொன்றும் உண்டு. 2024 ஏப்ரல் 24ஆம் நாள் உமா ஓயா பல்நோக்குத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. மகாவலியின் பிள்ளை என்று முன்னே சொன்ன அந்த ஆற்றின் நீரை மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே தெற்கே திருப்பி, 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, கிரிந்தி ஓயாப் படுகையில் விடுகிறது திட்டம். வறண்ட மொனராகலை, அம்பாந்தோட்டை நிலங்களுக்கு நீர் கொடுப்பதும் அதன் நோக்கம். சுரங்கம் குடைகையில், 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் பெருகி உட்புகுந்ததும், அதன்பின் பண்டாரவளைச் சுற்றுப்புறத்திற் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்ததும் ஊவா மக்கள் எளிதில் மறக்கக்கூடியன அல்ல. அத்திட்டத்தைக் கட்டியெழுப்பியவர்கள் ஈரானியப் பொறியியலாளர். திறந்துவைக்க அந்நாட்டு அதிபரே வந்தார். ஈரநிலத்தைக் காக்கும் உடன்படிக்கைக்கு இடந்தந்த நாடும், மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்ப உதவிய நாடும் ஒன்றே என்பதை மாணவரிடம் சொன்னபோது அவர்கள் சிரித்தனர். திருகோணமலைக்குப் போக வேண்டிய துளி இனித் தெற்கே போகும். அது வயலில் நின்றுவிடுமா, வடிந்து களப்புக்கும் போகுமா என்பதைப் பொறியியலாளர் மட்டும் பார்த்தாற் போதாது. உப்பை அளப்பவர்களும் பார்க்க வேண்டும்.

பகல் ஏறியதும் முட்காட்டுப் பாதையிற் சென்றோம். சீமைக்கருவேலமும் சப்பாத்திக் கள்ளியும் பூங்காவைப் பெருமளவில் விழுங்கி வருகின்றன. உவர்நிலத்தைப் பயன்படுத்தலாம் என்று மனிதன் கொண்டுவந்த கருவேலம் களப்புக் கரைகளை மூடி, பறவை நடக்கும் வெளியைக் குறுக்குகிறது. வெட்டினாலும் தளிர்க்கிறது, மாடு தின்று விதையைப் பரப்புகிறது. இதைப்பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. தமிழகத்து இராமநாதபுரத்தைக் கண்டவர்க்கு இதன் குணம் தெரியும். யானை ஒன்று தூரத்தில் நின்றது. முதலை இரண்டு. மாணவர் யானைக்குக் கொடுத்த வரவேற்பைப் பறவைக்குக் கொடுக்கவில்லை என்பதை உள்ளபடி பதிவுசெய்கிறேன்.

இத்தகைய பயணத்தை எண்ணும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். புரட்டாதி தொடங்கிப் பங்குனி வரையே வலசைப் பறவைகள் இருக்கும். தையும் மாசியும் சிறந்தவை. வெயில் ஏறிய பின் சென்றாற் கானல் அசைவில் உள்ளானையும் உப்புக்கொத்தியையும் பிரித்தறிய முடியாது. பறவைப் பெயர்களைத் தமிழில் முன்னரே எழுதிக்கொண்டு போக வேண்டும். அங்கே கிடைக்கும் பட்டியல்களில் தமிழைத் தேடி ஏமாறுவதைவிட அது நன்று.

மாலையில் வழிகாட்டி எங்களை உப்பளங்களின் பக்கம் அழைத்துச் சென்றார். பாத்தி பாத்தியாக நீர் கட்டி, கதிரவன் வற்றவைக்க, தொழிலாளர் உப்பை வாரிக் குவித்துக் கொண்டிருந்தனர். அங்கேதான் கொசு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பவளக்கால் உள்ளான்களும் நெருக்கி நின்றன. ஒரு பாத்தியில் ஆழம் விரலளவு, அடுத்ததிற் சாணளவு. யாரும் பறவைக்காக அமைத்ததன்று, உப்புக்காக அமைத்தது. தொழிலாளி மண்வெட்டியோடு ஓரடி நகர, பறவைகளும் ஓரடி நகர்ந்து, அவர் கிளறிய இடத்தில் வந்து குனிந்தன. மாணவர் எண்ணத் தொடங்கினர். முந்நூறு வரை எண்ணியவர்கள் கூட்டம் எழுந்து சுழன்று வேறு பாத்தியில் இறங்கவே மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினர். குறிப்பேட்டில் அன்று நாற்பத்திரண்டு இனங்களின் பெயர் ஏறியிருந்தது. பூநாரை என்று முதல்நாள் எழுதிய வரியை யாரும் அடிக்கவில்லை. அதற்கு நேரே ஒன்றும் எழுதவுமில்லை.